கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் சுகர் ஏன் ஏறுகிறது?

சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே சோற்றைக் குறைத்துவிட்டு, காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒரு மாதம் கழித்துச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவைப் பார்த்தால் மீட்டர் 230, 240 என்று காட்டும். "சிறுதானியம்தானே குடிக்கிறேன், பிறகு எப்படி?" என்ற கேள்வி அப்போது வரும். கேழ்வரகின் மேல் தப்பில்லை. அதை என்ன செய்து வயிற்றுக்குள் அனுப்பினோம் என்பதில் இருக்கிறது சங்கதி.

முழுத் தானியத்துக்குள் மாவுச்சத்து பூட்டுக்குள் பூட்டாக இருக்கிறது. வெளியே தவிடு, அதற்குள் செல் சுவர், அதற்குள் புரத வலை, அதற்கும் உள்ளே இறுக்கமாக அடுக்கப்பட்ட மாவுச்சத்துத் துகள்கள். மில்லில் நைசாக அரைக்கும்போது செல் சுவர் உடைந்துவிடுகிறது. சலிக்கும்போது தவிட்டில் ஒரு பங்கு போகிறது. தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்தால், சூடு ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டியதும் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதி, கடைசியில் பசையாகின்றன. எச்சிலிலும் கணைய நீரிலும் இருந்து மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கு இனி வேலையே இல்லாத அளவுக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, கஞ்சியை மெல்ல வேண்டியதில்லை. வயிற்றிலிருந்தும் சீக்கிரம் இறங்கிவிடும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், நார்ச்சத்து 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் 78, 3. நார்ச்சத்து வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் நைசாக அரைத்துக் காய்ச்சிய பிறகு அந்த நார் வேகத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

முளைகட்டிய கேழ்வரகு மாவு இன்னும் ஒரு படி மேலே. முளைக்கும்போது தானியமே அமிலேஸை உற்பத்தி செய்து தன் மாவுச்சத்தை மால்டோஸ் போன்ற சர்க்கரைகளாக உடைக்கத் தொடங்குகிறது. அதனால்தான் அந்த மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்து ஓடுகிறது. அதே டம்ளரில் இன்னும் இரண்டு கரண்டி மாவைச் சேர்த்தாலும் குடிக்க முடிகிறது. சின்ன வயிற்றில் நிறையச் சக்தி போகவேண்டிய கைக்குழந்தைக்கு இது அருமையான உணவு. சுகர் உள்ளவருக்கு அதே குணம்தான் வினை. கடைகளில் விற்கும் சத்துமாவில் பெரும்பாலும் முளைகட்டிய தானியம், பொட்டுக்கடலை, ஜவ்வரிசி எல்லாம் கலந்திருக்கும். அதில் ஜவ்வரிசி என்பது மரவள்ளி மாவுச்சத்து மட்டுமே, வேறொன்றும் இல்லை.

கேழ்வரகை விடவேண்டாம். அதே 40 கிராம் மாவைச் சலிக்காமல், முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடையாகத் தட்டி, ஒரு கிண்ணம் சுண்டலோடு சாப்பிட்டால் கணக்கு மாறும்.

கிளைசெமிக் குறியீடு: எவ்வளவு நம்பலாம்

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்ட, 1981-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு அறிமுகப்படுத்திய அளவு இது. செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் வரும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, 2 மணி நேரத்துக்குள் பலமுறை ரத்தம் எடுத்து, ஏற்றத்தின் மொத்தப் பரப்பை அதே 50 கிராம் குளுக்கோஸ் தரும் ஏற்றத்தோடு ஒப்பிடுவார்கள். குளுக்கோஸ் 100. விடை 55 வரை இருந்தால் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். சென்னையில் பரிசோதித்து 2012-ல் வெளியான ஆய்வில் பொன்னி 70, சோனா மசூரி 72, சூர்த்தி கோலம் 77. மூன்றும் அதிக வரிசை. சிறுதானியங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த ஒரு கட்டுரை, அவற்றின் சராசரியை ஏறத்தாழ 53 என்றது.

இந்த எண்ணோடு நின்றால் ஏமாறுவோம், ஏனென்றால் இதில் நாம் சாப்பிடும் அளவு இல்லை. 200 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 56 கிராம். பொன்னியின் 0.70-ஆல் பெருக்கினால் 39; அளவையும் சேர்த்த இந்தக் கணக்குக்குக் கிளைசெமிக் சுமை என்று பெயர். சிறுதானியச் சோற்றிலும் அதே 56 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்குச் சாப்பிட்டால், 53 என்ற சராசரிப்படி 30. பொன்னியையே 100 கிராமாகக் குறைத்தால்? 20. அதாவது தட்டில் சோற்றைப் பாதியாக்கியவர், தானியத்தை மாற்றிவிட்டு அதே மலையைக் குவித்தவரை எளிதாக முந்துகிறார். விலை கொடுத்துத் தினை வாங்குவது தவறில்லை. ஆனால் "இது நல்லதாச்சே" என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். கடையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் தினையும் சாமையும் தவிடு நீக்கித் தீட்டியவை என்பதும் நினைவில் இருக்கட்டும். பழுப்பு நிறம், லேசான சொரசொரப்பு, வேக அதிக நேரம்: தீட்டாததற்கு இவையே அடையாளம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை சீக்கிரம் வரும், ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்கவேண்டாம்.

சோறு: குழைவு, உதிரி, பழையது

அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் நேர்க்கோடாக நீண்டது, அமைலோபெக்டின் மரம்போல் கிளைத்தது. கிளை அதிகமானால் நொதி கடிக்க முனைகள் அதிகம். ஒட்டும் அரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட கிடையாது. ஆறினாலும் உதிரியாக, விறைப்பாக நிற்கும் அரிசிகளில் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆய்வுக்கூடம் வேண்டாம், கையே சொல்லிவிடும்: சோறு விரலில் பிசுபிசுத்தால் சுகர் வேகமாக ஏறும் ரகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புழுங்கல் அரிசிக்கு இன்னொரு அனுகூலம். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைக்கும்போது மாவுச்சத்து ஒருமுறை வெந்து, ஆறும்போது மீண்டும் இறுகிக்கொள்கிறது. தவிட்டில் இருக்கும் பி1 போன்ற வைட்டமின்களில் ஒரு பகுதியும் அரிசிக்குள் இறங்குகிறது. எவ்வளவு கடுமையாக அவித்தார்கள் என்பதைப் பொறுத்து லாபம் கூடும், குறையும். அதே புழுங்கல் அரிசியை இட்லிக்காக அரைத்து மாவாக்கினால் இந்த இறுக்கம் உடைந்துவிடும். இட்லி எண்ணெய் இல்லாத, எளிதில் செரிக்கும் உணவு என்பது முழு உண்மை. எளிதில் செரிக்கும் என்பதன் இன்னொரு பொருள் குளுக்கோஸ் விரைவாக வரும் என்பதுதான்.

குழைய வேகவைத்த பொங்கலைவிட உதிரியாக வடித்த சோறு மெதுவாக ஏறும். வடிகஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், கூடவே பி வைட்டமின்களும் போகும். ஆனால் வடிப்பதால் கிடைக்கும் பெரிய பயன், சோறு அதிகம் குழையாமல் நாம் நிறுத்துகிறோம் என்பதுதான். குக்கரில் வைப்பவர்கள் தண்ணீரையும் ஒரு விசிலையும் குறைத்தாலே போதும்.

இனி ஆறவைத்த சோற்றின் பெருமை. ஆறும்போது அமைலோஸ் இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நொதிக்குப் பணியாத மாவுச்சத்தாகின்றன. உண்மைதான், எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2015-ல் வந்த இந்தோனேசிய ஆய்வு ஒன்றில், புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. 24 மணி நேரம் 4 டிகிரியில் குளிரவைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பெரிதாகக் கேட்கும். 28 கிராம் மாவுச்சத்தில் கூடுதலாக ஒரு கிராம் தப்பித்தது என்று சொன்னால் அதன் உண்மையான உருவம் தெரியும். ஏற்றம் ஓரளவு குறைந்ததை அந்த ஆய்விலேயே அளந்திருக்கிறார்கள், ஆகவே ஒன்றுமில்லை என்றும் தள்ளமுடியாது. அதே 2015-ல் இலங்கையிலிருந்து வந்த செய்தி ஒன்றும் உலகம் சுற்றியது: கொதிக்கும் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு அரை கப் அரிசியை வேகவைத்து, 12 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இந்தப் பணியாத மாவுச்சத்து பெருகும் என்று. எண்ணெயின் கொழுப்பு அமைலோஸோடு சேர்ந்து சுருண்டுகொள்வது வேதியியல்படி சரி. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் அரிசியை அளந்த வேலை, மனிதர் ரத்தத்தை அளந்தது அல்ல.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோற்றை மூடி அடுப்படியில் விட்டால் இதமான சூட்டில் பெருகி நஞ்சு விடும். அந்த வாந்தி நஞ்சைத் திரும்பச் சூடாக்கினாலும் அழிக்கமுடியாது. எனவே சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைக்கவேண்டும், மறுநாளே தீர்க்கவேண்டும். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடும் பழைய சோற்றில் லாக்டிக் அமிலம் கூடுவது ஓரளவு காப்பு; நாற்றமோ நூல்போல் இழுவையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

வாழைக்காய் பற்றி ஒரு வரி. பச்சை வாழைக்காயில் செரிக்காத மாவுச்சத்து மிக அதிகம் என்று எழுதுகிறார்களே, அது பச்சையாக இருக்கும்வரைதான். வேகவைத்த பொரியலிலும், சூடான கஞ்சியில் கலந்த வாழைக்காய் மாவிலும் அதில் பெரும்பகுதி வெந்து சாதாரண மாவுச்சத்தாகிவிடும்.

வெந்தயம்: ஊறவைத்த தண்ணீர் போதுமா

சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைப் பொறுத்தவரை, நம் அடுப்படியில் இருப்பவற்றில் தெளிவாக வேலை செய்கிற பொருள் வெந்தயம்தான். அதை வீணாக்கும் விதத்திலும் நாம்தான் முதலிடம்.

விதையின் எடையில் பாதிக்கு அருகில் நார்ச்சத்து. அதில் பெரும் பங்கு கேலக்டோமன்னன் என்ற கரையும் பிசின். இது நீரை வாங்கி வழவழப்பான கூழாகிறது. அந்தக் கூழுக்குள் சோறு சிக்கும்போது வயிறு மெதுவாகக் காலியாகிறது, நொதிகள் தாமதமாகச் சேர்கின்றன, உடைந்த குளுக்கோஸ் குடல் சுவரை அடையவும் நேரமாகிறது. வழவழப்புதான் மருந்து. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் இதே குடும்பம். 1978-ல் ஜென்கின்ஸ் குழு அதைச் சோதித்தபோது, வழவழப்பு போகும்படி உடைத்த பிசினுக்கு வேலை செய்யும் குணமும் போய்விட்டது. (கொத்தவரங்காய் பொரியலுக்கு இந்தப் பெருமையைக் கொடுக்கமுடியாது. பிசின் முற்றிய விதையில்தான், பிஞ்சுக் காயில் சொற்பம்.)

இதிலிருந்து மூன்று விஷயம் தானாக விளங்கும். ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டினால் பிசினில் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. முழு வெந்தயத்தை மெல்லாமல் விழுங்கினால் தோல் உடையாமல் அப்படியே வெளியேறக்கூடும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் குடித்துவிட்டு எட்டரைக்கு இட்லி சாப்பிட்டால் கூழ் எப்போதோ கீழே இறங்கியிருக்கும். அது உணவோடு கலக்கவேண்டிய பொருள்.

அளவும் முக்கியம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், டைப் 1 நோயாளிகளுக்கு எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடியைத் தினம் 100 கிராம், மதியமும் இரவும் உணவில் பிரித்துக் கொடுத்தார்கள். உண்ணாநிலைச் சர்க்கரையும், சிறுநீரில் போகும் குளுக்கோஸும் குறைந்தன. வீட்டில் யாரும் 100 கிராம் சாப்பிடமுடியாது, சாப்பிடவும் வேண்டாம். ஆனால் நம் வழக்கமான அளவு எந்த மூலைக்கு என்று பாருங்கள்: நாலு கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 4 கிராம். நாற்பது இட்லிக்கு அது பிரிந்தால் ஒரு இட்லிக்கு 0.1 கிராம். இட்லி மெத்தென்று வரும், சுகருக்கு ஒன்றுமில்லை. வெந்தய தோசை என்று இரண்டு கப் அரிசிக்கு 2 மேசைக்கரண்டி (ஏறக்குறைய 24 கிராம்) போட்டு 15 தோசை சுட்டால் ஒன்றுக்கு 1.6 கிராம்; மூன்று தோசையில் கிட்டத்தட்ட 5 கிராம். இது கவனிக்கத்தக்க அளவு, ஆனால் மூன்று தோசையின் அரிசியும் கூடவே வருகிறது.

செய்யக்கூடிய வழி: 5 கிராம் வெந்தயத்தை (ஒன்றேகால் டீஸ்பூன்) 100 மில்லி தண்ணீரில் இரவு ஊறவைக்கவும். காலையில் அந்தத் தண்ணீரோடு சேர்த்து அரைத்து, 150 மில்லி மோரில் கலந்து, உப்பு போட்டு, சாப்பாட்டுக்கு ஐந்து பத்து நிமிடம் முன்பு குடிக்கவும். அரைத்துக் கால் மணி நேரம் விட்டால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகிவிடும், உடனே குடிப்பது நல்லது. முதல் வாரம் 2–3 கிராமில் தொடங்கி, வயிறு ஒத்துழைத்தால் 5-க்கும் பிறகு வேளைக்கு 10-க்கும் போகலாம். அவசரப்பட்டு ஏற்றினால் உப்புசம், வயிற்றுப்போக்கு. பொடி வேண்டுமானால் லேசாக, நிறம் மாறாமல் வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் கசப்பு தாங்காது. வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு காய்ச்சிய வாடை வந்தால் பயப்படவேண்டாம், வெந்தயத்தின் சோட்டலோன் என்ற வாசனைப் பொருள் அது.

நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகள் இந்த அளவில் எடுக்கவேண்டாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்கவேண்டும். வழவழப்புக் கூழ் மாத்திரைகளையும் சேர்த்தே பிடித்துவைக்கும் என்பதால் மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

இசப்கோலும் இதே வேலையைக் கசப்பில்லாமல் செய்யும். குஜராத்தில் விளையும் விதையின் உமி அது. ஒரு மேசைக்கரண்டி, சுமார் 5 கிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு அரை டம்ளர் தண்ணீர். உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து, தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும்.

ஓட்ஸ் பற்றியும் இதே அளவுகோல்தான். அதில் உள்ள பீட்டா குளுக்கன் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைக்கும் என்று சொல்ல, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் வைத்த நிபந்தனை: உணவில் 30 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் பீட்டா குளுக்கன். 40 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து 25 கிராமுக்கு மேல், பீட்டா குளுக்கன் 2 கிராமுக்குள். பாதிதான் தேறுகிறது. இரண்டு நிமிடத்தில் வேகும் மசாலா ஓட்ஸ் மெல்லியதாக நசுக்கி முன்பே வெந்தது. வெட்டிய முழு ஓட்ஸைவிட மிக வேகமாக ஏறும்.

புளிப்பும், நொதியைத் தடுப்பவையும்

எச்சிலில் உள்ள அமிலேஸுக்குப் புளிப்பு ஆகாது. விழுங்கிய சோற்றுக் கவளத்துக்குள் அது வயிற்றிலும் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ந்தால் சீக்கிரம் அடங்கிவிடும். வினிகரின் அசிட்டிக் அமிலம் வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. 15–20 மில்லி வினிகரை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உணவோடு எடுப்பது ஆய்வுகளில் வழக்கமான அளவு. அப்படியே குடித்தால் பல் எனாமலும் உணவுக்குழாயும் கெடும். நம்மிடம் ரசமும் எலுமிச்சையும் இருக்க வினிகருக்காகக் கடைக்கு ஓடவேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் புளியோதரை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை, அங்கே சோற்றின் அளவே வேறு. நாள்பட்ட சர்க்கரை நோயால் வயிறு ஏற்கெனவே மந்தமாகிவிட்டவர்களுக்கு வினிகர் ஏற்றதல்ல.

சிறுகுடல் சுவரில் இருந்து சர்க்கரைகளைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுப்பவை இன்னொரு கூட்டம். அகார்போஸ் மாத்திரை செய்வது இதைத்தான். தாவரங்களில் இதற்குப் பேர்போனது பொன்கொரண்டிக் குடும்பம். இலங்கையில் கோத்தல ஹிம்புட்டு என்பார்கள், அந்த மரத்தில் குடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதில் நொதியைத் தடுக்கும் சலாசினோல் என்ற பொருளை 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலையிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிப்பதால் வாயு தொல்லை நிச்சயம். முக்கியமான எச்சரிக்கை: இவற்றோடு கிளிமிபிரைட் போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால், வெள்ளைச் சர்க்கரை கரைத்துக் கொடுத்தால் தாமதமாகும், சர்க்கரையை உடைக்கும் நொதியையே தடுத்துவைத்திருக்கிறோம். குளுக்கோஸ் பொடிதான் கொடுக்கவேண்டும்.

பாகற்காய், சிறுகுறிஞ்சான், பட்டை மூன்றையும் சேர்த்தே முடிக்கிறேன். பாகற்காய் நல்ல காய். சோற்றின் இடத்தைக் காய் பிடித்தால் அதுவே லாபம். சாறாக மருந்தளவில் குடிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வு கண்ட முடிவு. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறை) உள்ளவர்கள் சாறைத் தவிர்க்கவேண்டும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் சர்க்கரை மணல்போல் இருக்கும். இனிப்பைத் தள்ளிவைக்க அது உதவலாம். பட்டை விஷயத்தில் நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த காசியா பட்டை. அதில் கூமரின் அதிகம், தினம் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலுக்குச் சுமை. இலங்கைப் பட்டை காகிதம்போல் மெல்லிய அடுக்குகளைச் சுருட்டிய சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் நொறுங்கும்.

பருப்பும் பந்தி வரிசையும்

கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, பாசிப்பயறு எல்லாம் குறைந்த வரிசையிலேயே நிற்பதற்குக் காரணம், வெந்த பிறகும் அவற்றின் செல் சுவர் உடையாமல் மாவுச்சத்தைச் சிறைவைத்திருப்பது. எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, உருவம் குலையாமல் வேகவைத்த சுண்டல் அதனால்தான் சிறந்தது. அதையே மாவாக்கினால் சிறை உடைகிறது. புரதம் மிச்சமிருப்பதால் மைதாவைவிடப் பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவே. காலையில் பயறு சாப்பிட்டால் மதிய உணவின் ஏற்றமும் குறைகிறது என்பதையும் 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள். இட்லி மாவில் அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒன்று. அடையில் இதைத் தலைகீழாக்கலாம். புழுங்கல் அரிசி 1 கப், கடலைப்பருப்பு முக்கால், துவரை அரை, உளுந்து கால் கப், மூன்று மணி நேரம் ஊறல், ரவைபோல் கொரகொரப்பாக அரைப்பு. நைசாக அரைத்தால் பாதிப் பயன் போய்விடும், அடையும் ரப்பர் மாதிரி வரும்.

வரிசைக்கு வருவோம். 2015-ல் நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், டைப் 2 உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காயும் கோழியும் முதலில் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து ரொட்டி, பழச்சாறு எடுத்த நாளில், 60-வது நிமிட அளவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வழி. நம் பந்தியில் இலையில் காய் வைத்துவிட்டுச் சோறு வரும்வரை காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில் பொரியலையும் சுண்டலையும் முடித்துவிடலாம். பிறகு சோறு இயல்பாகவே குறையும்.

பாக்கெட் உணவுக்கு ஒரே பத்தி. "சர்க்கரை சேர்க்காதது" என்ற பிஸ்கட்டில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அது குளுக்கோஸுக்கு இணையான வேகத்தில் ஏறும். செடியிலிருந்து வந்த மாவுச்சத்துதான், ஆனால் பாதி செரித்தே பொட்டலத்துக்குள் வந்திருக்கிறது. பொருள் பட்டியல் எடை இறங்குவரிசையில் இருக்கும். "ராகி பிஸ்கட்" முதல் வரியில் சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு என்றிருந்தால் அது மைதா பிஸ்கட். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாம் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். இரும்பும் மணமும் கொஞ்சம் கூடுதல், சுகர் கணக்கில் சலுகை கிடையாது.

உங்கள் உடம்பில் அளப்பது

ஒரே உணவு இருவருக்கு வேறு வேறு விதமாக ஏறும், ஆகையால் மேலே சொன்னவற்றில் எது பலிக்கிறது என்பதை மீட்டர்தான் சொல்லவேண்டும். அதிலும் பிழைக்கு இடமுண்டு. தற்போதைய சர்வதேசத் தரப்படி, 100 மி.கி.க்கு மேல் மீட்டர் காட்டுவது உண்மை அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம். உண்மை அளவு 180 என்றால் மீட்டர் 153 என்றும் காட்டலாம், 207 என்றும் காட்டலாம். ஒருநாள் 182, மறுநாள் வெந்தயம் குடித்து 170 என்பதை வெற்றி என்று எழுதவேண்டாம். ஒரே அளவு, ஒரே உணவு, ஒரே நேரம். வெந்தயத்தோடு மூன்று நாள், இல்லாமல் மூன்று நாள். சாப்பிடும் முன், முதல் கவளத்திலிருந்து 1 மணி நேரம், 2 மணி நேரம். சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கிட்டால் உச்சம் தப்பிவிடும். பூரி, பரோட்டா போல எண்ணெய் மிகுந்த உணவில் மூன்றாவது மணி நேரத்தையும் பார்க்கவேண்டும், கொழுப்பு ஏற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, அழிப்பதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பொதுவான இலக்கு, உணவுக்குப் பிந்தைய உச்சம் 180-க்குள். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு.

கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலின் போடுபவர்களும் இவற்றைத் தொடங்கும் வாரத்தில் அளவைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும். குளுக்கோஸ் தாமதமாக வந்து, இன்சுலின் நேரத்துக்கு வேலை செய்தால் நடுவில் தாழ்சர்க்கரை வரும். மருந்தளவை மாற்றுவது மருத்துவர் வேலை. அவரிடம் காட்ட அந்த ஆறு நாள் குறிப்பேடு உதவும்.

இன்னொன்று, குத்தும் விரல். ஆரஞ்சோ வாழைப்பழமோ உரித்த கையால் அளந்தால் தோலில் ஒட்டிய சர்க்கரையே துளியில் கலந்து எண்ணை ஏற்றிக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு குத்துங்கள்.